பார்ப்பதற்கு மட்டும்

அலுவலக வரவேற்புக் கூடத்தில் மீன் தொட்டி இருந்த இடத்தில் ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். அதில் ஒரே ஓர் எண் மட்டும் தெரியும். மீன்களாவது தீனி போட்டால் சும்மா இருந்தன. இந்த எண் என்ன போட்டாலும் ஏறிக்கொண்டே போனது.

அது என்ன எண் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரயில் நிலையங்களில் அட்டையைக் காட்டினால் திறக்கிற தானியங்கிக் கதவுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் ஓடும் இயங்குதளத்தை எழுதுவது இந்த நிறுவனத்தின் தொழில். அந்த இயங்குதளத்தின் அடிவயிற்றுக்குக் கெர்னல் என்று பெயர். அங்கே ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும். ஒரு வேலை ஓர் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு வேலை கேட்காமல் கொள்ளாமல் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுப் போகும். இதை ரேஸ் என்பார்கள். யார் எங்கே இப்படி எட்டிப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் போட்டுக்கொடுப்பதற்கென்றே ஒரு மென்பொருளை வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எல்லோரும் கோள்சொல்லி என்றே அழைத்தார்கள். கோள்சொல்லியிடம் இன்னும் எத்தனை புகார்கள் தீராமல் கிடக்கின்றன என்பதைத்தான் திரை காட்டியது.

திரையை மாட்டச் சொன்னவர் துறைத்தலைவர். "பூஜ்யமே நம் இலக்கு!" என்று ஒருநாள் மேடையேறி முழங்கினார். அன்றிலிருந்து பூஜ்யம் சார் ஆனார். மரியாதையில் வந்த பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டார். யாரும் திருத்தப் போகவில்லை.

பூஜ்யம் சாருக்குக் கெர்னல் தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு காலத்தில் தெரிந்தது. பிறகு பதவி உயர்வுகள் வந்தன. ஒவ்வோர் உயர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, இப்போது அவர் முழுத் தகுதியோடு இருந்தார். புகாரைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. ஒன்று, பிழையைத் திருத்துவது. அதற்கு நாள் பிடிக்கும். மற்றொன்று, அந்த வரியின் மேல் 'தீங்கில்லை' என்று ஒரு குறியைப் போடுவது. குறியைக் கண்டால் கோள்சொல்லி வாயை மூடிக்கொள்ளும். உண்மையிலேயே கெடுதல் இல்லாத ரேஸ்கள் உண்டு. அவற்றுக்காக வைத்த குறி அது. ஏன் தீங்கில்லை என்ற காரணத்தையும், பார்த்து உறுதி செய்தவர் பெயரையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது நிறுவன வழக்கம். வீட்டைப் பெருக்கச் சொன்னால் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளலாம், ஆனால் தள்ளியவர் பாயில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற மாதிரி.

அப்படி உறுதி செய்கிறவர்களின் பெயர்களில் ஒன்றுக்கு மட்டும் தனி மவுசு இருந்தது. பூட்டக்கா.

ஓர் எண்ணைப் பலர் தொடுவதாக இருந்தால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி நிரலில் ஒரு பூட்டைப் போட வேண்டும். பூட்டை எடுத்தவர் வேலையை முடித்துவிட்டுப் பூட்டை விட்டால்தான் அடுத்தவர் நுழையலாம். யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் இந்த அம்மாள் கேட்கிற முதல் கேள்வி, "பூட்டு எங்க?" என்பதுதான். கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தவனிடம்கூடக் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. கெர்னலின் நினைவகப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பாளர். அவள் தலையசைக்காமல் ஒரு காற்புள்ளிகூட அங்கே நுழைய முடியாது. பெரிய சம்பளமோ தனி அறையோ அந்தப் பொறுப்போடு வரவில்லை. ஆனால் அந்தப் பகுதியை வெறுங்காட்டிலிருந்து வெட்டித் திருத்தியவள் அவள். வேறு எதையாவது பிடுங்கிக்கொண்டாலும் விட்டுவிடுவாள், அதை மட்டும் விடமாட்டாள்.

அவளுடைய பகுதியில் 'தீங்கில்லை' குறி ஓர் இடத்தில்தான் இருந்தது. கதவில் அட்டையைக் காட்டும் ஒவ்வொரு பயணிக்கும், சரிபார்த்து முடியும்வரை நினைவகத்தில் ஓர் இருக்கை ஒதுக்கப்படும். எத்தனை இருக்கைகள் காலி என்று ஓர் எண் உண்டு. அந்த எண்ணை மாற்றுகிறவர்கள் எல்லோரும் பூட்டை எடுத்துக்கொண்டுதான் மாற்றுவார்கள். நிலைய அதிகாரியின் அறையில் இருக்கும் காட்சிப் பலகை மட்டும் பூட்டில்லாமல் எட்டிப் பார்த்து அந்த எண்ணைக் காட்டும். அதற்கும் பூட்டு என்றால் அதிகாரி பார்க்கும்போதெல்லாம் வாசலில் பயணிகள் நிற்க வேண்டிவரும். ஒன்று கூடக் குறைய ஒரு கணம் தெரிந்தால் அதிகாரிக்கு என்ன நஷ்டம்? எனவே பலகை படிக்கும் அந்த ஒரே வரிக்கு அவள் குறி போட்டாள். 'பார்ப்பதற்கு மட்டும்' என்று காரணம் எழுதினாள். எண்ணுக்கே மொத்தமாகக் குறி போட்டிருக்கலாம், வேலை சுலபம். வேண்டுமென்றேதான் போடவில்லை. நாளைக்கு வேறு எவனாவது புதிதாக அதை எட்டிப் பார்த்தால் கோள்சொல்லி கத்த வேண்டும் என்பது அவள் கணக்கு.

அந்த எவனாவது யாரென்று அவளுக்கு அப்போது தெரியாது. அவன் தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் டப்பாவிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சமர்த்து என்று பெயர். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான் என்பதால் வந்த பெயர். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனைவிட அவள் நாலைந்து வயது மூத்தவள், அதனால் அக்கா. அவன் பெண் பார்க்கப் போனபோது கூடப் போனவள் அவள். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தபோது, அவனுக்கு முன்னால் கையில் வாங்கியவளும் அவள்தான்.

கதவுகள் இன்னும் வேகமாகத் திறக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். அந்த வேலை சமர்த்துவிடம் வந்தது. ஒருநாள் கேன்டீனில் கேட்டான்.

"அக்கா, அந்தக் காலி இருக்கை எண்ணு இருக்கே, அது தீங்கில்லாததுதானே?"

"எண்ணுக்கு ஏதுடா தீங்கும் நல்லதும்? யாரு படிக்கறா, படிச்சுட்டு என்ன பண்றாங்கறதுலதான் எல்லாம் இருக்கு."

"ஸ்டேஷன்ல காட்டறோமே, அது?"

"அது ஒண்ணும் பண்ணாது. மனுஷன் அதைப் பாத்துட்டு டீ குடிக்கப் போவாரு. ஒண்ணு கூடக் காட்டினா டீ ஆறிடுமா?"

"அப்போ பாக்கறதுக்கு மட்டும்."

"பாக்கறதுக்கு மட்டும். அதை நம்பி எதுனா முடிவெடுத்தேன்னு வெச்சுக்கோ, நடுத்தெருவுல நிக்க வெச்சுடும்."

அவன் சிரித்துக்கொண்டே டப்பாவில் மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டான். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. தம்பி கேட்டான், சொன்னாள்.

அடுத்த மாதம் அவள் கணவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். சொட்டு மருந்து விட ஆள் வேண்டுமே என்று அவள் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். அந்த வாரம் தலையசைக்கும் அதிகாரம் பூஜ்யம் சார் கைக்குப் போனது. அவர் வாசிக்காமலே அசைக்கக்கூடியவர் என்பதால் வேலை மளமளவென்று நடந்தது.

அவள் திரும்பி வந்த அன்று கூடத்துத் திரையில் பெரிதாகப் பூஜ்யம் தெரிந்தது. முந்தின நாள் விழா நடந்து, எண்ணைப் போலவே வட்டமான கேக்கை வெட்டியிருந்தார்கள். நடுவில் ஓட்டை இருந்ததால் கடைசி வரிசைக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். சமர்த்து அவளுக்காக ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்திருந்தான்.

"எப்படிடா இத்தனையும் ஒரு வாரத்துல தீந்துது?"

"எல்லாரும் ராப்பகலா உழைச்சோம் அக்கா. நீங்க சாப்பிடுங்க."

அவள் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, புதிதாகக் கட்டிய ஒரு ரயில் நிலையத்தைத் திறந்து வைக்க அமைச்சர் வந்தார். நம் நிறுவனத்தின் வேகக் கதவுகள் முதன்முதலாக அங்கேதான் நிறுவப்பட்டிருந்தன. முதல் அட்டையை அமைச்சரே காட்டுவதாக ஏற்பாடு. அவர் காட்டும்போதே கூட்டம் முழுவதும் பக்கத்துக் கதவுகளில் முண்டியடித்தது. அமைச்சர் உள்ளே கால் வைத்த சமயம் கதவு அவர் வயிற்றோடு மூடிக்கொண்டது. அடுத்த கதவு, காலாவதியான அட்டையைக் காட்டிய ஓர் ஆளுக்கு அகலத் திறந்து, நல்வரவு என்றது. அந்த ஆள் ஓசிப் பயணத்துக்காக வந்தவன். இத்தனை மரியாதையை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. மாலைகூட அவன் கழுத்தில்தான் விழுந்தது என்கிறார்கள், அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். அமைச்சரை நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்ததைப் படம் எடுக்காதவர்கள் கைப்பேசி இல்லாதவர்கள் மட்டும்தான்.

பூட்டக்கா அன்று பிற்பகலே நிரலைத் திறந்து பார்த்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. கதவு திறக்கும் வேகப் பாதையில், பூட்டை எடுக்காமலே காலி எண்ணைப் படித்து, காலி என்றால் நேரே போய் உட்கார்ந்துவிடும்படி எழுதியிருந்தான் சமர்த்து. ஒரே ஓர் இருக்கை மிச்சமிருக்கும்போது இரண்டு பேர் ஒரே கணத்தில் பார்த்தால்? இரண்டு பேருக்கும் காலி என்றுதான் தெரியும். ஒருவர் மடியில் இன்னொருவர் உட்காருவார். அமைச்சரின் அட்டை இருந்த இடத்தில் ஓசிக்காரன் உட்கார்ந்தது அப்படித்தான். கூட்டம் இல்லாத சோதனைக்கூடத்தில் இது தெரியவே தெரியாது.

கோள்சொல்லி விசுவாசமாகக் கத்தியிருக்கிறது. அவன் அந்த வரியின் மேல் குறியைப் போட்டிருந்தான். தீங்கில்லை. உறுதி செய்தவர்: பூட்டக்கா.

அவள் எழுந்து அவன் இடத்துக்குப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது.

சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். இரட்டைப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, மாமாவுக்குப் பழங்களும் வாங்கிக்கொண்டு. குழந்தைகள் உள்ளே ஓடி மாமாவின் கண் கட்டைப் பிடுங்கப் பார்த்தன. அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"உள்ள வா. வாசல்ல நின்னா மட்டும் நல்லவனா?"

"அக்கா, பாத்துட்டீங்களா?"

"பாத்தேன். பாக்கறதுக்கு மட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. நீயே வாயால திருப்பிச் சொன்னியே. காதுல என்ன பஞ்சா?"

"பூட்டை எடுத்தா வேகம் வரல அக்கா. தேதி நெருங்கிடுச்சு. ஒரு நாளைக்கு நாலு தடவ சார் வந்து பின்னால நிக்கறாரு, மூச்சு கழுத்துல படுது. சும்மா ஒரு வாரத்துக்குப் போட்டு வெப்போம், அப்புறம் மாத்திடலாம்னு நெனச்சேன்."

"அது போகட்டும். எம்பேரை எதுக்குடா போட்டே?"

அவன் தரையைப் பார்த்தான். "யார் பேரையாவது போடணுமே. உங்க பேர் இருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வர வேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு. இத்தனை வருஷம் ஒரு பெயரைக் காப்பாற்றி வைத்ததற்கு இதுதான் பலன் போலிருக்கிறது. பூட்டு வாங்கிப் போட்டவளின் பெயரே கள்ளச்சாவியாகிவிட்டது.

"நாளைக்கு மீட்டிங். நான் என்ன சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா." அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "நானே எழுந்து சொல்லிடறேன். நீங்க மொதல்ல சொன்னா நீங்க காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். நானா ஒத்துக்கிட்டா கொஞ்சம் மன்னிப்பாங்க. அந்த ஒரு வாய்ப்பு மட்டும் குடுங்க."

அவள் நெகிழ்ந்துவிட்டாள். தப்புப் பண்ணினாலும் ஒளிக்காமல் வந்து நிற்கிறானே என்று தோன்றியது. "சரி. நான் வாயத் தொறக்கல. நீ சொல்லு," என்றாள். குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினாள்.

அவர்கள் போனதும் கணவர் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். "இன்டிகேட்டர் போட்டிருக்கான்."

"அப்படீன்னா?"

"போடறவன் எல்லாம் திரும்பறதில்ல. வண்டி திரும்பினப்புறம்தான் நம்ம வண்டிய எடுக்கணும்."

"உங்களுக்கு எல்லாரும் லைசென்ஸ் இல்லாதவங்கதான்," என்று அவள் சொட்டு மருந்தை எடுத்து வந்தாள்.

மறுநாள் விசாரணைக் கூட்டம் கண்ணாடி அறையில் நடந்தது. மேசையின் தலைப்பக்கத்தில் பூஜ்யம் சார். அவருக்கு வலப்பக்கம் வாடிக்கையாளர் அனுப்பிய, கோட்டு போட்ட ஒரு மனிதர். சுவரில் விழுந்த முதல் படத்தில் 'நாம் கற்றுக்கொண்ட பாடங்கள்' என்றிருந்தது. என்ன நடந்தது என்று இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பாடங்கள் முந்தின இரவே தயாராகிவிட்டன.

"எனக்கு டெக்னிக்கலா எதுவும் வேணாம்," என்றார் கோட்டுக்காரர். "மேல கேக்கறாங்க. ஒரு பேர் சொல்லுங்க, போதும்."

பூஜ்யம் சார் இரண்டு கைகளையும் விரித்தார். "நாம குத்தம் கண்டுபிடிக்கற கம்பெனி இல்ல சார். இது ஒரு குடும்பம். இங்க யாரும் யார் மேலயும் விரல் நீட்டற பழக்கமே கெடையாது." பிறகு கணினியை இயக்குகிறவரைப் பார்த்து, "அந்த உறுதி செய்தவர்னு ஒரு பேர் தெரியுதே, அத மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க," என்றார்.

பெயர் சுவர் முழுக்க வளர்ந்தது.

"யாரு இது, பூட்டக்கா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சமர்த்துவைப் பார்த்தாள். அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பேசுவான் என்று காத்திருந்தாள். கொடுத்த வாக்கு இருக்கிறது, முதலில் தான் பேசக்கூடாது. மூடி கழன்றது, திரும்பவும் மாட்டிக்கொண்டது. அவள் மௌனம் அந்த அறையில் நேரம் ஆக ஆக வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கோட்டுக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க," என்றார் பூஜ்யம் சார். "இது தீங்கில்லன்னு அவங்க சொன்னாங்களா, இல்லையா?"

சமர்த்து மூடியை இறுக்கினான்.

"சொன்னாங்க சார்."

"எங்க வெச்சு?"

"கேன்டீன்ல. சாப்பிடும்போது."

"எந்த எண்ணைப் பத்தி? வேற எதையாவது சொல்லப் போறீங்க."

"இதே எண்ணுதான் சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பிடித்துவிடலாம், சோறு மேடு தட்டியிருக்கும். இவன் காயை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தட்டில் எல்லோருக்கும் தெரிய வைத்துவிட்டான். மறுபாதியை யார் தேடப் போகிறார்கள்?

அவள் எழுந்தேவிட்டாள். "பாக்கறதுக்கு மட்டும்னு சொன்னேன். வேற எதுக்கும் ஆகாதுன்னு சொன்னேன். நீயே அத திருப்பிச் சொன்னே."

"சொல்லியிருக்கலாம் அக்கா," என்றான் அவன் மெதுவாக. "எனக்குச் சரியா ஞாபகம் வரல."

"நேத்து சாயங்காலம் எங்க வீட்டுல ஞாபகம் வந்துச்சே? அழுதியே?"

கோட்டுக்காரர் நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம். மீட்டிங்குக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் தனியா வீட்டுல பேசினீங்களா? என்ன பேசணும்னு?"

அவள் வாயைத் திறந்தாள். எந்தப் பக்கம் சொன்னாலும் சாட்சியை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் ஆகிவிடுவாள் என்று அப்போதுதான் புரிந்தது. வாக்கு வாங்கும்போது அவன் இதையும் யோசித்திருப்பானா? இருக்காது, அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை என்று ஒரு பழைய பாசம் அவனுக்காக வாதாடியது. அது இன்னும் வேலையை விட்டுப் போகவில்லை.

"ஒரு எண்ணு இருக்கு," என்று அவள் கோட்டுக்காரரிடம் சொன்னாள். "தெருவுல ஒரு கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பாக் காட்டினா பாக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. அதே கடிகாரத்த வெச்சு ரெண்டு ரயில ஒரே தண்டவாளத்துல விட்டா? தப்பு கடிகாரத்து மேலயா?"

"அதெல்லாம் ரொம்ப நுணுக்கம்மா," என்று பூஜ்யம் சார் பெருந்தன்மையாக இடைமறித்தார். "நாம இப்போ பெரிய படத்தப் பாப்போம்."

அந்த வாரம் தலையசைத்தது தாம்தான் என்பதைப் பெரிய படத்தில் அவர் சேர்த்திருக்கவில்லை.

முடிவுகள் அன்றே வந்தன. நினைவகப் பகுதியின் பொறுப்பு சமர்த்துவுக்கு. பூட்டக்காவுக்கு அச்சுப்பொறிப் பிரிவு. இது தண்டனை இல்லை, சுழற்சி என்று பூஜ்யம் சார் விளக்கினார். பூமிகூடத்தான் சுழல்கிறது என்றார். 'தீங்கில்லை' என்ற சொல் இனி எங்கும் வரக்கூடாது என்றும் ஆணையிட்டார். அந்தக் குறிகளையெல்லாம் 'கவனத்தில் உள்ளது' என்று ஒரே மூச்சில் மாற்றினார்கள். கோள்சொல்லிக்கும் புதுச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள்.

நடைவழியில் சமர்த்து அவளைப் பிடித்தான்.

"அக்கா, என் வேலையே போயிருக்கும். உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு தெரியும். உங்க பேர் தாங்கும் அக்கா. எம்பேர் தாங்காது. ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கேன்."

"எனக்கு மூணு இருந்துச்சு," என்றாள் அவள். "அந்த ரெண்டோட உன்னையும் சேத்து."

அச்சுப்பொறிப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை. மேலே ஒரு விளக்கு, அதுவும் யாராவது நின்றால் மறைந்துவிடும். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றபோது நாற்காலியைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். காகிதம் சிக்கிக்கொண்டால் எத்தனை முறை விளக்கு சிமிட்ட வேண்டும் என்பது குறித்த விவாதம் ஒன்று தீராமல் கிடந்தது. அவள் அதைப் படிக்க ஆரம்பித்தாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டில் கணவர் எதுவும் கேட்கவில்லை. நான் அப்பவே சொன்னேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

சில நாள் கழித்துச் சமர்த்து படியிறங்கி வந்தான். கதவுப் பிழைக்குத் திருத்தம் எழுதியிருந்தான். பொறுப்பாளரே எழுதியதை இன்னொருவர் பார்த்துத் தலையசைக்க வேண்டும் என்று விதி. அந்தப் பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொருவர் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

"பாக்கறீங்களா அக்கா?"

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். தப்பிருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவன் எப்போதும் விடுகிற தப்பு ஒன்று உண்டு: பூட்டை எடுத்து எண்ணைப் பார்ப்பான், பார்த்ததும் பூட்டை விட்டுவிடுவான், அப்புறம் போய் உட்காருவான். இடையில் இன்னொருவன் நுழைந்துவிடுவான். அதைத் தேடினாள். இல்லை. பார்ப்பதற்கு முன்னால் எடுத்த பூட்டை உட்கார்ந்த பிறகுதான் விட்டிருந்தான். நடுவில் பிழை நேர்ந்தால் விடுகிற இடத்திலும் சரியாக விட்டிருந்தான். இரண்டாம் முறை படித்தாள். அவள் கையால் எழுதியது போலவே இருந்தது.

திருத்தத்துக்கு மேலே, நடந்தது என்ன என்று காரணம் எழுதும் இடம். நிரல் இருக்கிற காலம் வரைக்கும் கூடவே இருக்கும் வரி அது. ஆட்கள் போவார்கள், கட்டடம் மாறும், பிற்பாடு யாராவது ஒருவர் இந்த இடத்துக்கு வந்து ஏன் இப்படி என்று பார்த்தால் அந்த வரியைத்தான் படிப்பார். அதில் இப்படி இருந்தது: 'இந்த ரேஸ் தீங்கற்றது என முந்தைய பொறுப்பாளர் தவறாக மதிப்பிட்டதால் ஏற்பட்ட பிழை.'

"கோட் சரியா இருக்கு," என்றாள்.

"தெரியும் அக்கா. நீங்க எழுதற மாதிரியே எழுதினேன்."

"மேல இருக்கறத மாத்து."

"அது சார் குடுத்த வாக்கியம். வாடிக்கையாளருக்கும் அதேதான் போயிருக்கு. எனக்கு என்ன அதிகாரம் இருக்கு அக்கா?"

"நீதானே இப்போ பொறுப்பு?"

அவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். "இன்னிக்குக் காலையிலயும் ஒரு அம்மாவோட கை கதவுல மாட்டிக்கிச்சாம்," என்றான். "கைக்கொழந்தை வேற. ரொம்ப நேரம் நின்னாங்களாம்."

அவன் அதை வருத்தத்தோடுதான் சொன்னான். பொய் இல்லை. இந்த முறையும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் எதற்கு இளகுவாள் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கற்றுக்கொண்டது அது. நிரலையும் வரியையும் பிரித்துத் தலையசைக்க வழியில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் போகும். வேண்டாம் என்று அவள் உட்கார்ந்துகொண்டால் வரி போகாது, கதவும் திருந்தாது. நாளைக் காலை இன்னொரு கை.

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு விசையைத் தட்டினாள்.

சமர்த்து பெருமூச்சு விட்டான். "பெரிய மனசு அக்கா உங்களுக்கு."

"மனசு எங்க வந்துச்சு இதுல? கோட் சரியா இருக்கு."

அவன் போகவில்லை. மேசை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றான். "சின்னவ கேட்டுட்டே இருக்கா. அத்தை ஏன் வரலன்னு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரட்டுமா?"

அவள் காகிதச் சிக்கலின் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டினால் போதும் என்று ஒரு கட்சி, நிற்காமல் சிமிட்ட வேண்டும் என்று ஒரு கட்சி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றாள். "வெளிச்சம் மறைக்குது."

பூஜ்யம் சார்தான் வந்துவிட்டாரோ என்று அவன் அவசரமாகத் திரும்பிப் பார்த்தான். படியில் யாரும் இல்லை.